துக்கம் முடியட்டும் என்றவள்

இஸ்ரேலில், எங்கள் பெயெர்ஷெவா நகரத்தில், புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணுக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று குடும்ப நீதிமன்றம், இன்னொன்று யூத மதகுருக்களான ரபிகளின் நீதிமன்றம். அவள் முந்திக்கொண்டால் அவள் விரும்பிய இடத்தில் வழக்கு நடக்கும். புருஷன் முந்திப்போய் ரபிகளிடம் விவாகரத்து மனு போட்டு, ஜீவனாம்சத்தையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டால், அவள் அங்கேதான் போய் நிற்க வேண்டும். என்ன நியாயமோ, போங்கள்!

பக்கத்து வீட்டு எத்தி முந்தியிருக்க வேண்டியவள். அவள் புருஷன் அர்மோன் இன்னொருத்தியிடம் போய்வர ஆரம்பித்ததிலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒன்றும் தருவதில்லை. இடுப்பு வலியால் அவள் வேலையையும் விட்டிருந்தாள். மனுவை எழுதித் தயாராக வைத்திருந்தபோதுதான் கூடவே இருந்த மாமியார் இறந்துபோனாள். பெற்ற பிள்ளைகள் எங்கள் வழக்கப்படி ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காக்க, எத்தி சமையலை ஏற்றுக்கொண்டாள்.

நான்காம் நாள், அடுப்படிக்கு வந்த நாத்தனார் ஜாக்லினிடம் சொன்னாளாம்:

"அண்ணி, துக்கம் முடிஞ்சதும் குடும்பக் கோர்ட்டுக்குப் போறேன். அத்தை என்னைப் பொண்ணா வச்சிருந்தாங்க. அவங்களுக்காகத்தான் பொறுத்துக்கிட்டிருக்கேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

ஜாக்லின் கெட்டவள் இல்லை. வாய்தான் நிற்காது. அன்றே தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டேய், அவ கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள கால்ல விழுந்தாவது சமாதானமாப் போடா." அவன் தலையாட்டினான். இவளும் நம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறுதல் சொல்ல வந்தவர்களோடு ஒரு வக்கீலும் வந்தான். துக்கத்துக்காகக் கிழித்த சட்டையோடு முக்காலியில் உட்கார்ந்தபடியே, அவன் நீட்டிய தாளில் அர்மோன் கையெழுத்துப் போட்டான். அம்மாவுக்கு ஏற்றிய விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா அது?"

"ரபிங்களுக்கு மனு, அக்கா. காலையில ஆபீஸ் திறந்ததும் இவரு போட்டுடுவாரு. நல்லவேளை, நீ சொன்ன."

ஜாக்லினுக்குத் தன் வாய் செய்த வேலை புரிந்தது. அப்போதே எத்தியிடம் சொல்லியிருந்தால், அவள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பாள். ஆனால் அவனிடம் யார் சொன்னது என்று கேட்பாளே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாள். நிற்காத வாய் அன்றைக்குப் பார்த்து நின்றுபோனது.

அடுத்த நாள் மதியம் எத்திக்குத் துணையாக நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜாக்லின் வெளிறிப்போய் உள்ளே வந்தாள்.

"எத்தி, அர்மோன் முந்திட்டான். காலையில ரபிங்க கோர்ட்டுல மனு போட்டாச்சாம்."

"துக்கத்துல உக்காந்துகிட்டா? சும்மா இருங்க அண்ணி. அவருகூட அப்படிச் செய்யமாட்டாரு."

ஜாக்லின் அழ ஆரம்பித்தாள். எத்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலமே."

"அவருக்கு யார் சொன்னது?"

ஜாக்லின் இன்னும் சத்தமாக அழுதாள். வேறு பதில் தேவைப்படவில்லை.

எத்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முதல்ல புருஷன்கூடச் சேர்ந்து வாழப் பாரும்மான்னு அங்க இழுப்பாங்க. அதுவரைக்கும் நான் எதைத் தின்பேன், அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். சூப் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். தன் மனுவைப் பையில் போட்டுக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே நடந்து வெளியே போய்விட்டாள்.

கூடத்திலிருந்து அர்மோன் குரல் கொடுத்தான். "எத்தி, சாப்பாடு என்னாச்சு? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

ஜாக்லின் கண்ணைக்கூடத் துடைக்காமல் போய் அவன் எதிரே நின்றாள்.

"சாப்பாடா? எந்தக் கோர்ட்டுல போய்க் கேக்கணும்னு உனக்குத்தான் தெரியுமேடா!"

திரும்பி வந்தவள் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நேத்தே சொல்லியிருக்கலாம். நேத்தே சொல்லியிருக்கலாம்டி" என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஆமா, சொல்லியிருக்கலாம்" என்றேன். வேறென்ன சொல்ல?