பக்கத்து சீட்டு பிரேக்

என் தங்கை கணவருக்கு ஊர் வைத்த பெயர் 'பிரேக் மாஸ்டர்'. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டப் படித்தவர்கள். மீதிப் பேர் அவர் போட்ட சத்தத்தில் மிரண்டு ஆயுசுக்கும் நடந்தே போகிறவர்கள். அவர் "மிதி!" என்று கத்தினால் அடுத்த தெருவில் ஓடும் தையல் மிஷின்கூட நின்றுவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் தங்கை. அவளை நம்பாதீர்கள்.

அவர் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் மாஸ்டர் அங்கிருந்தே அமுக்கி நிறுத்திவிடுவார். குடும்பமாக வெளியே போகும்போது அந்த சீட்டில் தங்கை. "அதுல கால் பட்டுச்சு, தொலைச்சுடுவேன்" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். அன்று முதல் அவள் காரில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள்.

போன வருஷம் நண்பர் வீட்டு விருந்தில் மாஸ்டர் குடித்தார். "நாலு வாய்தான் மச்சான்" என்று என்னிடம் சத்தியமே செய்தார். திரும்பும்போது அவர் காரை ஓட்டி வந்த வரத்துக்கு பெட்ரோல் பங்க் தூணுக்கு விவரம் இருந்திருந்தால் ஓடி ஒதுங்கியிருக்கும். அது நின்ற இடத்திலேயே நின்றது. மாஸ்டருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த தங்கைக்கு மணிக்கட்டு ஒடிந்தது. கோர்ட்டில் தண்டனை, ஒரு வருஷம் லைசென்ஸ் முடக்கம். ஸ்கூலை மூடினார், குடியையும் விட்டார். ரிப்பேரான கார் ஷெட்டில் தூசி தின்றது.

லைசென்ஸ் திரும்பி வந்ததும் என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பினார். மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு.

ஏஜென்ட் பெண் அவருடைய பழைய மாணவி. "வாங்க மாஸ்டர்!" என்று நாற்காலியில் கிடந்த ஃபைல்களை அள்ளித் தரையில் வைத்தாள்.

"காரை யாரு ஓட்டுவீங்க?"

மாஸ்டர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நாங்கள் இருவரும் வழியில் போட்ட திட்டம் அது. தங்கைக்கும் லைசென்ஸ் உண்டு, மாஸ்டரே எடுத்துக் கொடுத்தது. 'வாத்தியார் பொண்டாட்டி இடிச்சா ஸ்கூல் மானம் போயிடும்' என்று ஒரு நாளும் ஓட்டவிட்டதில்லை. இப்போது பாலிசியில் அவள் பெயர், ஸ்டியரிங்கில் இவர்.

"என் வீட்டுக்காரிதாம்மா."

"நீங்க?"

"எனக்கெதுக்கு? வயசாச்சு."

என் பங்குக்கு நானும் எடுத்துவிட்டேன். "என் தங்கச்சி ஓட்டினா ஏரோப்ளேன்காரனே ஓரங்கட்டி வழிவிடுவான்!"

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, நீ சும்மா இரு. ஏம்மா, அவரும் ஓட்டணும்னுதான் வந்திருக்காரு. குடிச்சிட்டு ஓட்டி தண்டனை ஆயிருக்கு. அதையும் எழுதிக்க."

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஏஜென்டின் விரல்கள் நின்றுபோயின.

"மாஸ்டர்... உங்க பேரைச் சேர்த்தா எங்க கம்பெனி எடுக்காது. எடுக்கிற கம்பெனி உங்க காரு விலையையே கேக்கும். அக்கா மட்டும்னா இப்பவே போட்டுடலாம். ஆனா நீங்க ஸ்டியரிங்கைத் தொட்டா பாலிசி செல்லாது."

"ஊருக்கே சொல்லிக் குடுத்தவன்மா நான்."

"எனக்கும்தான் மாஸ்டர்."

மாஸ்டர் தங்கையின் மணிக்கட்டைப் பார்த்தார். அது சரியாகக் கூடவில்லை, கொஞ்சம் கோணல்தான். பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில் கேட்டார்.

"அன்னிக்கு நீ தூணைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"காலடியில பிரேக் இருந்துச்சே..."

"தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே."

மேஜை விசிறி இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டிருந்தது.

"இவ பேருக்கு மட்டும் போடும்மா," என்றார் மாஸ்டர்.

மறுநாள் தங்கை ஓட்டினாள். நான் பின்சீட்டில். எங்களை முந்திப் போன நத்தைகளைச் சத்தியமாக எண்ணி முடியவில்லை. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் கார் தூண் பக்கமாகவே ஒதுங்கியது. மாஸ்டரின் 'மிதி!'க்காகக் காதைப் பொத்தினேன்.

சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோணல் கையால் ஸ்டியரிங்கை ஒடித்துத் தூணைத் தாண்டிய பிறகு, தங்கை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"காலைக் கீழ வைங்க. தேவைன்னா மிதிங்க."

வீடு வரும்வரை மாஸ்டர் காலை இறக்கவே இல்லை.