தொடைக்குக் கரண்ட் கொடுத்த அண்ணன்

1

இந்தக் கதை பிறந்தது என் முதுகுவலியில். பிசியோதெரபி அறையில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கரண்ட் மெஷினின் பட்டைகள் ஒட்டிய அவர் தொடை மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. "இதுதான் எக்சர்சைஸா சார்?" என்றேன். "இல்ல, எக்சர்சைஸுக்கு முன்னாடி பண்ற வார்ம்-அப்" என்றார். உடம்பை அசைப்பதற்கு அசையாமல் உட்கார்ந்து தயாராவதா? எரிச்சலோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எரிச்சல் இன்னும் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: அதிகாலை மைதானத்தில் பனி படர்ந்து...

(வேண்டாம். எல்லாக் கதையிலும் மைதானத்தில் பனிதான்.)

இரண்டாவது: அவளுக்கு ஓடப் பிடிக்கும்.

(பரவாயில்லை, இருக்கட்டும்.)

அவள் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறவள். தீயணைப்பு வேலைக்கான ஓட்டத் தேர்வில் இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். அண்ணன் எலெக்ட்ரீஷியன். சட்டைப்பையில் எந்நேரமும் டெஸ்டர் இருப்பதால் பெயரே டெஸ்டர். தொடையில் ஒட்டுகிற பட்டைகளும் உள்ளங்கை அளவு பெட்டியுமாக அந்த மெஷினை வாங்கிவந்த புண்ணியவான் அவன்தான்.

3

தேர்வன்று மைதானத்துச் சுவரோரம் அவளை உட்காரவைத்துப் பட்டைகளை ஒட்டினான்.

"அண்ணா, மெதுவா ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துடறேன். அது போதும்."

"ஓடிக் களைச்சுப் போறதுக்கா? பேசாம உக்காரு. மெஷின் பாத்துக்கும்."

"தொடைய அது பாத்துக்கும். மூச்சுக்கு யாரு கரண்ட் குடுப்பா?"

(நல்ல கேள்வி. கேட்டவள் எழுந்து ஓட வேண்டாமா? உட்கார்ந்தே இருக்கிறாள். எழுந்ததாக எழுதி எழுதி அடித்துவிட்டேன். ஏனென்றால் அவன் இதே தேர்வில், உடம்பு சூடாகாமல் ஓடி, தொடைத் தசை கிழிந்து விழுந்தவன். அதன்பின் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. பட்டை ஒட்டும்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். அந்தக் கையைத் தட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை, என்ன செய்ய.)

4

கூப்பிட்டுவிட்டார்கள். பட்டைகளைப் பிய்க்க நேரமில்லை, பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொடை துடிக்கவில்லையே, மெஷின் அணைந்துவிட்டது என்று டெஸ்டர் தானே முடிவுகட்டினான். அதுவோ விட்டுவிட்டு அடிக்கிற மெஷின். ஊரார் வீட்டிலெல்லாம் "மெயின ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வயரைத் தொடுகிறவன், தங்கச்சி விஷயத்தில் பொத்தானைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கோட்டில் குனிந்தாள். விசிலுக்கு முன்னால் அவள் கால் பாய்ந்தது.

"இன்னொரு தடவ முந்தினா வெளியதான்மா" என்றார் விசில்காரர். பிறகு வயரைப் பார்த்தார். "என்ன கண்றாவி இது? கழட்டிட்டு வா."

5

முடிவு அ: அவள் முதலாவதாக வந்தாள், அண்ணன் கட்டிக்கொண்டு...

(பொய். நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: பாதி தூரத்தில் தொடை...

(முடியாது. அவள் விழுந்தால் அண்ணன் இரண்டாம் முறை விழுந்த மாதிரி. அதற்கு எனக்குத் தெம்பில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பட்டைகளைப் பிய்த்து, பெட்டியோடு வேலிக்கு அப்பால் நின்ற அண்ணனிடம் நீட்டிவிட்டு விசில்காரரிடம் திரும்பினாள்.

"சார், கொஞ்சம் ஓடி உடம்ப சூடாக்கிக்கட்டுமா?"

"அடுத்த வரிசை போயிட்டு வரட்டும். அதுவரைக்கும்தான்."

அண்ணன் முகம் வெளுத்திருந்தது. "என்னாலதான் எல்லாம் போச்சு."

"இன்னும் எதுவும் போகல. பயம் எனக்கில்ல, உனக்குத்தான். வேலிக்கு அந்தப் பக்கமா நீயும் கூட ஓடி வா."

அவள் மெதுவாக ஓடத் தொடங்கினாள். அவன் மெஷினைக் கீழே வைத்தான்.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஜெயிக்கவையுங்கள், தோற்கவையுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் முதலில் அவனை ஓடவையுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்.