எழுதாமல் விட்ட வருமானம்

நான் வேலை பார்க்கும் பேச்சுப் பயிற்சி கிளினிக்குக்குள் தம்பி போலீஸ் சீருடையோடு நுழைந்ததும், கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பழகிக்கொண்டிருந்த சிறுமி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"அந்த வாயைத் திறக்க வைக்க எனக்கு மூணு வாரம் ஆச்சுடா!"

"எங்க ஸ்டேஷன்ல திறந்தவன் மூடவே மாட்டேங்கறான். ஆளை மாத்திக்கலாமா?"

சிறுமி போனதும் சம்பளச் சீட்டை மேசையில் வைத்தான். "வேலையை விடலாம்னு இருக்கேன்க்கா. பேச்சுப் பயிற்சி படிக்கணும். வயசு வரம்பு இந்த வருஷத்தோட சரி. என் சம்பளத்தையும் உன் சம்பளத்தையும் மறுபடி ஒப்பிட்டுக் கொடு. நீ போட்டாதான் சரியா இருக்கும்."

ஒப்பிடுவது எளிது போலத்தான் தெரியும். போலீசில் அடிப்படைச் சம்பளம் குறைவு. அதன் மேல் இரவுப் பணி, சீருடை, கூடுதல் நேரம் என்று ஒவ்வொரு படியாக ஏறும்; கடைசியில் ஓய்வூதியம். எங்களுக்குக் கிளினிக் சம்பளம் ஒரே தொகை. ஆனால் மாலையில் வீட்டு வகுப்புகள் உண்டு. பக்கவாதம் வந்த பெரியவர், திக்கிப் பேசும் பிள்ளை என்று ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம். அதிலேயே சம்பளத்தில் முக்கால் பங்கு வந்துவிடும். சம்பளச் சீட்டில் மட்டும் அது வராது.

ஆறு வருடம் முன்பு நான் போட்ட பட்டியலிலும் வரவில்லை. அப்போது போலீசா பேச்சுப் பயிற்சியா என்று முடிவெடுக்காமல், விடுமுறையில் எனக்கு உதவ வந்திருந்தான் தம்பி. என்னிடம் மாதக்கணக்கில் மௌனமாக இருந்த குழந்தைகள் அவன் மடியில் ஏறிக்கொண்டு வாயாடின. எனக்கு வயிறு எரிந்தது. "போலீஸ்தான்டா உனக்கு லாபம்" என்றேன். நம்பிப் போனான்.

இப்போதும் நடுவில் கோடு போட்டு, அவன் பக்கம் எல்லாப் படிகளையும் எழுதினேன். என் பக்கம் கிளினிக் சம்பளத்தோடு பேனா நின்றது.

"அவ்வளவுதானா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். எங்கள் தொழிலில், குழந்தையிடம் ஒன்று கேட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணிய பிறகே உதவ வேண்டும். அந்த இடைவெளியில்தான் அதற்குச் சொல் வரும். போலீஸ்காரர்கள் எண்ணுவதில்லை, வரும்வரை காத்திருக்கிறார்கள்.

'வீட்டு வகுப்புகள்' என்று எழுதி, எதிரே தொகையைப் போட்டேன்.

"இது எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்போ போன தடவை?"

"வேணும்னேதான் விட்டேன். பசங்க உன்கிட்ட பேசினது எனக்குப் பொறுக்கலடா."

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "ஊரையே சந்தேகப்படத்தான் சம்பளம் வாங்கறேன். உன்னை மட்டும் ஓசியில நம்பினேன்."

படிப்பில் சேர்வதற்கான விண்ணப்பத்தை எடுத்தான். கடைசிப் பக்கத்தில், இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும். கை நீட்டினேன்.

"நீ வேண்டாம். வேற யாராவது இருந்தா நம்பர் சொல்லு."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசிரியையின் எண்ணைச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். வாக்குமூலம் வாங்குகிறவன் போல, சரிதானா என்று ஒருமுறை வாசித்துக் காட்டினான். தலையாட்டினேன். குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.