உச்சியில் நின்ற வண்டி

சேதுபதிக்கு வேறு ஒருத்தி இருந்திருந்தால் என்ன செய்வதென்று சந்திரமதிக்குத் தெரிந்திருக்கும். அழுதிருப்பாள், அண்ணன்மாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருப்பாள். ஆனால் அவள் புருஷன் தேடித் தேடிப் போனதெல்லாம் ரோலர் கோஸ்டரை. அதை யாரிடம் போய் முறையிடுவது?

அவன் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். காஜா பெராங்கில் பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குடிக்க மாட்டான், சீட்டுக்கட்டைத் தொட மாட்டான். வீட்டில் பேசுவதும் குறைவு. ஆனால் சிங்கப்பூர்க் கேளிக்கைப் பூங்காவில் புதிதாகத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஆற்றைக் கடக்க மூவாரில் ஒரு பெர்ரிப் படகு, பத்து பகாட் ஊரில் இன்னொன்று என்று ஏறி இறங்கி, நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டே போய்விட்டு வருவான். ஈப்போவில் பொருட்காட்சி என்றால் அங்கேயும் போவான். ராட்டினம், பேய் ரயில் இவற்றையெல்லாம் திரும்பியும் பார்க்க மாட்டான். தண்டவாளத்தில் மெல்ல ஏறி, உச்சியிலிருந்து ஒரேயடியாகக் கீழே விழும் அந்த வண்டி ஒன்றுதான் வேண்டும். இறங்கிய கையோடு மறுபடியும் வரிசையில் போய் நிற்பான்.

திரும்பி வந்ததும் சில நாள் நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான். அப்புறம் பழையபடி தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவான். கேட்டால், "ஒண்ணுமில்ல, படு" என்பான்.

ஜப்பான்காரன் காலத்தில் அவனையும் அவன் தம்பி அப்பாசாமியையும் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது கல்யாணத்துக்கு முன்பே சந்திரமதிக்குத் தெரியும். சேதுபதி மட்டும் திரும்பி வந்தான். தம்பியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் விட்டுவிட்டு வேறு முகாமுக்குப் போக நேர்ந்தது, அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அவன் அம்மா பொன்னம்மா இன்னும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில்தான் இருந்தாள். அப்பாசாமி சயாமியப் பெண் யாரையாவது கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்பது அவள் நம்பிக்கை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கென்று ஒரு வேட்டி எடுத்து வைப்பாள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா நாள் வருவதற்குச் சில வாரம் முன்னால், கிளேபாங் கடற்கரைத் திடலில் ஒரு பொருட்காட்சி வந்து இறங்கியது. ஊரே கொடியும் விளக்குமாக இருந்த நேரம். பக்கத்து வீட்டு ருக்மணிதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள்.

"ஏய் சந்திரா, ஒங்க வீட்டுக்காரரு வேல முடிஞ்சி நேரா கிளேபாங்குக்குத்தான் போறாராம். அந்த வண்டிக்கு மரத்த எறக்கிப் பூட்டுறாங்கல்ல, அத வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறாருன்னு எங்க வீட்டுல சொன்னாரு. சின்னப் புள்ளைங்ககூட அப்படி நிக்காதுங்களாம்!"

சந்திரமதி சிரித்து மழுப்பினாள். உள்ளே வந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"பொருட்காட்சி என்னைக்குத் தொறக்கிறாங்க?"

"சனிக்கிழமை."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க எதுக்கோ அதுக்குத்தான்."

"அது பொம்பளைங்களுக்கு ஆகாது, மதி. தலை சுத்தும்."

"சுத்தட்டும். வருஷக்கணக்கா எனக்குச் சுத்திக்கிட்டுதான் இருக்கு."



சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில் போனார்கள். மரக்கால்களை ஊன்றி, குறுக்குச் சட்டங்களை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். பின்னால் கடல். சந்திரமதி அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டாள். சேதுபதியோ வேறு ஆளாகிவிட்டான். அவள் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் பேசினான்.

"முன் சீட்டு வேண்டாம். எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சிக்குவாங்க. கடைசி சீட்டுதான் நல்லது. முன்னால உள்ள பெட்டியெல்லாம் எறங்கும்போது நம்மள உச்சியில சுண்டி இழுக்கும் பாரு, அப்ப சீட்டுலருந்து எழும்பிருவோம். கேக்குதா, டக் டக்குன்னு? அது வண்டிக்கு அடியில இருக்கிற கொக்கி. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால போகாது."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

வண்டி ஏறியது. கடல் தெரிந்தது, தூரத்தில் கப்பல் தெரிந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. சந்திரமதி கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். குடல் தொண்டைக்கு வந்தது. ஒரு வளைவில் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் சேதுபதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய. இந்தச் சிரிப்பில் ஒரு துளி வீட்டுக்கு வரவில்லையே என்று அந்த வேகத்திலும் அவளுக்கு மனசு கசந்தது.

"இன்னொரு தடவ?" என்றான் இறங்கியதும். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

இரண்டாம் முறை, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, டக் டக் சத்தம் நின்றது. வண்டியும் நின்றது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் இருந்த சீன இளைஞர்கள் சீட்டி அடித்தார்கள். கீழே யாரோ மலாயில், மோட்டார் பெல்ட் அறுந்துவிட்டது, பயப்படாதீர்கள், ஓரத்துப் பலகை வழியாக ஒவ்வொருவராக இறங்கி வாருங்கள் என்று கத்தினான். தண்டவாளத்தை ஒட்டி ஒரு பலகையும் பிடித்துக்கொள்ளக் கயிறும் இருந்தன. சீட்டி அடித்தவர்கள் முதலில் இறங்கினார்கள். மற்றவர்களும் மெல்ல மெல்ல இறங்கினார்கள்.

"வாங்க, நாமளும் போவோம்" என்றாள் சந்திரமதி.

சேதுபதி அசையவில்லை. முன்கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சட்டங்களுக்கு நடுவே, கீழே தெரிந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க?"

"கீழ பாக்காத" என்றான் அவன். குரல் அவளுக்கானதாக இல்லை. "கால முன்னால வை, அப்பு. கீழ பாக்காத. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அப்பு என்று அவன் யாரையும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. பிறகுதான் புரிந்தது.

"அப்பாசாமியா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி இருந்தான்.

"பாலம்" என்றான். "மரப் பாலம். இதே மாதிரி கால் ஊணி, இதே மாதிரி சட்டம் அடிச்சி. இத விட ஒசரம். கீழ ஆறு. நானும் அவனும் ஒரு கட்டைய தூக்கிட்டுப் போறோம். முன்னால நான். பின்னால அவன். அவனுக்குக் காய்ச்சல். வரமாட்டேன்னு சொன்னான். வரலன்னா அடிப்பானுங்கடா, வாடான்னு நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன்."

கீழே இருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"நடுப் பாலத்துல 'அண்ணே'ன்னு கூப்பிட்டான். கட்டை ஆடிச்சி. நான் திரும்பல மதி. திரும்புனா நானும் விழுந்துருவேன். கட்டைய போட்டுட்டுக் கைய நீட்டியிருக்கலாம். கட்டைய விட்டா ஜப்பான்காரன் அடிப்பானேன்னு அத இறுக்கிப் பிடிச்சேன். அப்புறம் பின்னால கனமே இல்ல. கட்டையோட அந்த முனை பலகையில இழுபடுது. நான் இழுத்துக்கிட்டே போயி அக்கரையில போட்டேன்."

"ஆஸ்பத்திரி…?"

"ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

காற்று அடித்தது. மரம் முனகியது. பொருட்காட்சியில் வேலை செய்யும் காதர் மைதீன் பலகை வழியாக ஏறி வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது, கோபமாகத்தான் வந்தார். "என்னண்ணே, எல்லாரும் எறங்கியாச்சி, நீங்க மட்டும் குந்திக்கிட்டு…" என்று ஆரம்பித்தவர் சேதுபதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சந்திரமதியிடம் திரும்பினார். "முடியலயாம்மா?"

"அவரால அந்தப் பலகையில நடக்க முடியாது, பாய்."

"பெல்ட்ட மாத்திக்கிட்டுதான் இருக்காங்க. கொஞ்ச நேரம் ஆகும். வண்டியோடயே எறங்கிடுறீங்களா? நான் கீழ சொல்லிடறேன். நீங்க வேணும்னா என்கூட வந்துருங்க."

"நான் இருக்கேன்."

அவர் போய்விட்டார். சந்திரமதி புருஷனின் விரல்களைக் கம்பியிலிருந்து பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவற்றின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா இதுல ஏன் ஏறுறீங்க?" என்று கேட்டாள். "இதப் பாத்தாலே ஓடணும்ல?"

"பயம் எனக்கு எப்பவும் இருக்கு. வீட்டுல இருக்கும்போதும் இருக்கு. பஸ்ல டிக்கெட் பாக்கும்போதும் இருக்கு. இதுல ஏறுனா அந்தப் பயமும் கூடவே உச்சிக்கு ஏறும், அப்புறம் இந்த வண்டியே என்னை எறக்கி விட்டுரும். நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. நிக்காது. இன்னைக்குத்தான் நின்னுருச்சி."

மோட்டார் உறுமியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. அந்தப் பெரிய வண்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் உச்சியைத் தாண்டி விழுந்தார்கள். சந்திரமதி இந்த முறை கண்ணை மூடவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் அவள்மேல் எரிந்து விழுந்தான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றான், ருக்மணியோடு என்ன பேச்சு என்றான். தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டவளை ஒரே கூரைக்கடியில் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. சந்திரமதி பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவளாலும் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் பொன்னம்மா தோட்டத்து ஆள் ஒருத்தர் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள்: நாடு சுதந்திரம் ஆகப் போகிறது, இனி சயாமுக்கு எழுதிக் கேட்டால் பதில் தருவார்களாம், அப்பாசாமியைத் தேடச் சொல்லி ஒரு கடுதாசி எழுதிப் போடு என்று.

"எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள் சந்திரமதி.

அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் சொல்ல மாட்டேன். அது என் வாயால வரக்கூடாது. ஆனா அடுத்த தீபாவளிக்கு அவங்க வேட்டி எடுக்கும்போது நான் பக்கத்துல நிக்க மாட்டேன். அது மட்டும் என்னால ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜாசின் பஸ் ஏறினார்கள். லயத்து வாசலில் பொன்னம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேதுபதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். பாலம், கட்டை, காய்ச்சல், தான் எழுப்பிக் கூட்டிப் போனது எல்லாவற்றையும் சொன்னான்.

பொன்னம்மா கீரையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மெலிந்த கைதான். அவன் ஆடிப்போனான்.

"விழுந்ததுக்கு அடிக்கல" என்றாள். "அவனுக்கு ஒரு வெளக்கு ஏத்த விட்டியாடா? ஒரு பிடி சோறு வைக்க விட்டியா? செத்த புள்ளைக்கு வேட்டி எடுக்க வச்சியேடா!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட வரவில்லை. லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். சேதுபதி மண்ணில் உட்கார்ந்து அழுதான். சந்திரமதி யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அவன் பக்கத்தில் நின்றாள்.

கடைசியில் கதவைத் திறந்த பொன்னம்மா மருமகளிடம் மட்டும் பேசினாள். "காரியத்துக்கு ஏற்பாடு பண்ணும்மா. கடல் ஓரத்துல பண்ணணும். அந்த ஆத்துத் தண்ணியும் கடலுக்குத்தானே வந்துருக்கும்."

உஜோங் பாசிர் கடற்கரையில் ஒரு காலை நேரம் காரியம் நடந்தது. சேதுபதி மொட்டை அடித்துக்கொண்டு தம்பிக்குப் பிண்டம் வைத்தான். பொன்னம்மா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள், மகன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு காஜா பெராங் வீட்டிலேயே சில நாள் தங்கினாள். அவன் முன்னறைக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் இரவில் பல்லைக் கடிப்பது நிற்கவில்லை. பொருட்காட்சியைப் பற்றி மட்டும் அவன் பேச்சே எடுக்கவில்லை. சொல்லியிருக்கவே கூடாது என்று ஒரு நாளும், முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நாளும் சந்திரமதியிடம் முனகினான்.

மெர்டேக்கா அன்று காலை, தெருவே டவுனுக்குப் போய்விட்டது. ருக்மணி வீட்டு ரேடியோவை யாரோ சத்தமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சேதுபதி படியில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொன்னம்மா வெளியே வந்தாள். அவனுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். சந்திரமதி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அவன் என்ன சட்ட போட்டிருந்தான்?" என்று கேட்டாள் பொன்னம்மா. "நெனச்சி நெனச்சிப் பாக்குறேன், எனக்குத் தெரியல."

சேதுபதி துணியைக் கீழே வைத்தான்.

"சட்ட போடலம்மா" என்றான். "மழ பெஞ்சிது. கழட்டித் தலையில கட்டியிருந்தான்."