அளவு கொடுக்க வந்த அம்மா

டெய்லர் மாஸ்டருக்குக் கல்லீரல் கெட்டுப்போய் வெகுநாளாகிறது. வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. சமையலறையிலிருந்து மனைவி தலையை நீட்டினால் போதும், ஒன்றும் தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்கம்மா, என்ன தைக்கணும்?" என்பார். அவள் மட்டும் சளைத்தவளா? "உங்க வாயைத்தான்" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற கூத்து இது.

அன்று மத்தியானமும் அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது அப்படித்தான் கேட்டார். அவளும் அப்படித்தான் பதில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்க" என்று மரியாதையாக ஸ்டூலைத் தள்ளினார். சில நாளாக ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து, பகலில் தூங்கி வழிந்த மனுஷன். இன்றைக்காவது தெம்பு வந்ததே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். நடிப்பைத் தொடர்ந்தாள்.

"சட்டைதான் மாஸ்டர். முழுக்கை வெச்சுத் தைங்க."

அவர் நாடாவை அவள் தோளில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டே அளவெடுக்கிற கை அது. இப்போது மணிக்கட்டு பொத்தென்று மடங்கி விழுந்தது, நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. நாடா தரையில் சரிந்தது. அவர் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு வாடை அடித்தது. அவள் மேஜையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் வெட்டிய பள்ளிக்கூடச் சட்டைத் துணி குவிந்து கிடந்தது. அத்தனையும் கைகள். உடம்புக்கு ஒரு துண்டுகூட இல்லை.

"என்னங்க, போதும் விளையாட்டு."

"பயப்படாதீங்கம்மா. என் சம்சாரம் வெளிய போயிருக்கா, இப்ப வந்துடுவா" என்றார். அவளை நேராகத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ குடுக்கற மருந்தை நான் குடிக்கறதில்ல. அவ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியா ஊத்திடறேன். குடிச்சா நாள் முழுக்கக் கக்கூசுக்கு ஓடணும். ஆளுங்க அளவு குடுக்க நிக்கறப்ப எழுந்து ஓட வெக்கமா இருக்கும்மா. பாவம், அவ நம்பிட்டு இருக்கா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லீரலால் சுத்தம் செய்ய முடியாத நஞ்சை அந்த மருந்துதான் வயிற்று வழியாக வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

"யாரும்மா நீங்க? என் சம்சாரம் வராம நான் எங்கயும் வரமாட்டேன்."

"நான்தாங்க! என் முகத்தைப் பாருங்க!"

அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினார். பெண்டாட்டியாக நின்று இனி ஒன்றும் ஆகாது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர், உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

கத்தரி கீழே விழுந்தது. "ஐயோ, அவளுக்கு என்ன ஆச்சு?" செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார். டாக்ஸியில் வழி நெடுக அவளிடமே, "அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதில்லம்மா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். "ஆகாது" என்றாள். தனக்காக ஒருவர் அழுவதை யாரோ மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டு மருந்தை இறக்கினார்கள். நினைவில்லாமல் கிடந்தவர் ஒரு காலையில் கண் விழித்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா! உனக்கு உடம்பு தேவலையா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அளவு குடுக்க வந்த ஒரு அம்மாதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. நல்லவங்கதான்." அறையின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆனா அச்சு அசலா உன்னை மாதிரியே இருந்தாங்க. எனக்குப் பயமா இருந்துது. மறுபடி வருவாங்களா?"

அவள் பாட்டிலைத் திறந்து மருந்தை ஊற்றினாள்.

"இதைக் குடிச்சா வரமாட்டாங்க."

அவர் ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். கடைசிச் சொட்டும் இறங்குகிற வரை அந்த அறை ஜன்னலை மறைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.