விளிம்பில் குவித்த மண்

அன்று குழியருகில் இருந்தவர்கள் நான்கு பேர்: நிலத்துக்குச் சொந்தக்காரரான சுருளி, அவருடைய அக்கா ராக்கம்மாள், பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆராய்ச்சி செய்யும் சுருளியின் மகள் பவதாரிணி, அவளோடு படிக்கும் கிளமெண்ட். ஐந்தாவது ஆள் கிடையாது.

திருவாதவூரில் அந்த ஒன்றரை ஏக்கர், கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் முதன்முதலாக வாங்கிய நிலம். "தோண்டுங்க. ஆனா ஒரு கூடை மண்ணு வெளிய போகக் கூடாது" என்று சுருளி கறாராகச் சொல்லியிருந்தார். பயிரின் மேல் கொட்டவும் மனம் ஒப்பவில்லை. அதனால் தோண்டிய மண்ணெல்லாம் குழியின் விளிம்பிலேயே குவிந்தது. அன்று காலை குழியின் அந்தப் பக்கச் சுவரில் நூல் போல ஒரு விரிசலைப் பார்த்தார். சொன்னால் மண்ணை வெளியே அள்ளச் சொல்வார்கள். சொல்லவில்லை.

அங்கே புதைந்து கிடந்த பழைய ஊர் எப்படி அழிந்தது என்று இரண்டாள் ஆழத்தில் மகளும் கிளமெண்டும் மல்லுக்கு நின்றார்கள்.

"மேல ஆத்து மணல் படிஞ்சிருக்குல்ல? வெள்ளம்தான் ஊரை முடிச்சிருக்கு" என்றான் கிளமெண்ட்.

"வெள்ளம் வந்தப்ப இங்க ஆளே இல்ல. உறைகிணத்தைப் பாரு, தண்ணி இறங்க இறங்கச் சுடுமண் உறையா இறக்கித் தோண்டிக்கிட்டே போயிருக்காங்க. பஞ்சம்தான்" என்றாள் பவதாரிணி.

"ரெண்டு பேரும் அவுகளோட குடியிருந்த மாதிரில்ல பேசுறீக!" என்று மேலிருந்து ராக்கம்மாள் சிரித்தாள்.

சுருளி குனிந்து கேட்டார். "அம்புட்டுப் பெரிய ஊரு. அழியப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சிருக்காதா தாயி?"

"தெரிஞ்சிருக்கும்ப்பா. விட்டுட்டுப் போக மனசு வந்திருக்காது."

சுருளி மறுபடியும் விரிசலைப் பார்த்தார். காலையில் நூலாக இருந்தது. இப்போது விரல் நுழையும். அதிலிருந்து பொடிமண் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"மேல வா தாயி!"

"இந்த உறையை மட்டும் படம் எடுத்துட்டு வாரேன்ப்பா."

சுருளி மறுபடி கூப்பிட்டுக் காத்திருக்கவில்லை. ஏணியில் இறங்கினார். கிளமெண்டை நெட்டித் தள்ளி ஏற்றினார். மகளின் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளையும் ஏற்றினார். அவர் பாதி ஏணியில் இருந்தபோது சுவர் பிளந்தது. குவித்த மண் மொத்தமும் சரிந்து அவரை இடுப்புவரை விழுங்கியது. மூவரும் வெறுங்கையால் மண்ணைப் பறித்து அவரை வெளியே இழுத்தார்கள்.

மறுநாள் மிச்ச மண்ணைச் சுருளியே ஆள் வைத்து நிலத்துக்கு வெளியே கொட்டச் செய்தார்.

மகளைக் குழிக்குள் விட்டுவிட்டு அவர் முதலில் ஏறி ஓடிவிட்டார் என்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஏணியில் கடைசியாக ஏறியவர் அவர்தான்.