கடைசி அத்தியாயத்துக் குமாஸ்தா

நான் எழுதுவது யாரும் சாகாத துப்பறியும் கதை. கிளி காணாமல் போகும், கோப்பை காணாமல் போகும், கடைசியில் எல்லோரும் சிரித்தபடி டீ குடிப்பார்கள். வக்கீல் தொழிலை விட்ட பிறகு வாய்க்கு வேலை போய்விட்டது, கைக்கு வேலை கொடுத்தேன். மூன்றாவது புத்தகம் நன்றாகவே விற்றது. தப்புப் பண்ணியது அதில்தான்.

அதில் மலர்க் கண்காட்சிக் கோப்பை திருடு போகிறது. யார்மேல் சந்தேகமே வராது என்று யோசித்தேன். என் குமாஸ்தாவின் முகம் வந்து நின்றது. கட்சிக்காரர் மறந்துவிட்டுப் போன குடையைக்கூட வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். தொழிலை விட்ட பிறகும் வீட்டோடு சேர்ந்த என் பழைய ஆபீஸ் அறையைத் தினமும் வந்து திறந்து, தூசி தட்டி, நான் எழுத மேஜையை ஒழித்து வைப்பார். அந்தச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை. அவர் சட்டைப் பைக்குள் ஊக்கில்தான் தொங்கும்.

கதையில் அவரையே திருடனாக்கிப் பெயரை மாற்றினேன், வயதைக் குறைத்தேன். டீயில் முக்கிய பிஸ்கட்டை விழப்போகும் நொடியில் வாயில் பிடிக்கும் சாமர்த்தியத்தை மட்டும் விட மனசு வரவில்லை. ஊக்குச் சாவியையும் விடவில்லை. திருட்டு நடப்பதே அந்தச் சாவியால்தான். முதல் பக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று போட்டு எனக்கு நானே முன்ஜாமீன் வாங்கிக்கொண்டேன்.

கோர்ட்டுப் பக்கம் போனபோது ஒரு பழைய சிநேகிதர், "என்னய்யா, உன் குமாஸ்தாவையே உள்ள தள்ளிட்டியே" என்று சிரித்தார். அப்போதுதான் சுருக்கென்றது. நான் கையெழுத்துப் போட்ட பிரதி ஏற்கெனவே குமாஸ்தா வீட்டுக்குப் போயிருந்தது.

கண் ஆபரேஷன் ஆகி அவர் வீட்டோடு இருந்தார். பார்க்கப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே மறித்தார்.

"சார், நான்தான் படிச்சுக் காட்டினேன். திருடினது தோட்டக்காரன்னு மாத்திப் படிச்சுட்டேன். நீங்க எதுவும் உளறிடாதீங்க."

"ஏம்மா அப்படி?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும். வக்கீல் புத்தி, தெரிந்ததையே கேட்கும்.

உள்ளே கறுப்புக் கண்ணாடியோடு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருய்யா" என்றேன்.

"சார், கதை பிரமாதம். பாதியில எனக்கே பயம் வந்துடுச்சு. சாவி, பிஸ்கட்டு எல்லாம் பாத்தா அந்தக் குமாஸ்தா நானேதான். ஊரே சொன்னாலும் எங்க சார் அவனைத் திருடன் ஆக்க மாட்டார்னு இவகிட்ட அடிச்சுச் சொன்னேன்."

டீயும் பிஸ்கட்டும் வந்தன. அவர் தடவி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் புதுக் கண்ணாடி வந்துடும். முதல் வேலையா நானே ஒரு தடவை படிச்சிடணும்" என்றார்.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் சொல்லாவிட்டால் புத்தகம் சொல்லிவிடும், பொய் சொன்ன பழி அந்த அம்மா தலையில் விழும். "கடைசி அத்தியாயத்தை நான் படிக்கிறேன்" என்று புத்தகத்தை எடுத்தேன். அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்.

உள்ளது உள்ளபடி படித்தேன். சிரித்துக்கொண்டே எழுதிய வரிகள் ஒவ்வொன்றுக்கும் கூசிப் போனேன். 'யாரும் சந்தேகப்படாத முகம்தான் திருடனுக்குப் பெரிய சொத்து' என்ற வரியையும் விடவில்லை.

முடித்ததும் அவர், மனைவி இருந்த பக்கம் திரும்பி, "நீ படிச்சதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். அவர் கையிலிருந்த பிஸ்கட் எப்போதோ டீயில் விழுந்துவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன்யா. மன்னிச்சிடு. அடுத்த பதிப்பில மாத்திடறேன்."

"எதுக்கு சார், கதைதானே."

சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஊக்கைத் தடவிக் கழற்றினார். உதவ வந்த மனைவியைக் கையால் தடுத்தார். சாவியை மேஜைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"படிச்சவங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். தினமும் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அவர் படுத்ததிலிருந்து பூட்டியே கிடந்த அறையைத் திறக்கப் போனேன். சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.